அடிச்சவனுக்கு வைங்க கவுன்சிலிங்

ஆசிரியருக்கு வணக்கம். சென்னைல ஒரு பொண்ணு புருஷன் அடிக்கிறான்னு புகார் குடுத்தா ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெச்சு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னு அனுப்புறதுதான் பல இடத்துல கவுன்சிலிங்கா இருக்கு. ஆனா 2005 குடும்ப வன்முறை சட்டம் 14வது பிரிவுப்படி மாஜிஸ்திரேட் அவன மட்டும் தனியா கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம், அந்த சட்டத்தோட 2006 விதிகள்ல கவுன்சிலிங்ல அடிச்சதுக்கு அவன நியாயம் சொல்லவே விடக்கூடாதுன்னு இருக்கு சார், யார் கடைப்பிடிக்கிறாங்க? அமெரிக்காவுல துலூத் ஊர்ல 1980கள்லயே போலீசும் கோர்ட்டும் சேந்து இப்படிப்பட்ட ஆம்பளைங்கள அடிக்கிற புத்திய மாத்துற வகுப்புக்கு அனுப்புனாங்க (எவ்ளோ பலன்னு இன்னும் சண்டை ஓடுது, அது வேற). குடிதான் காரணம்னு சொல்லாதீங்க, எவ்ளோ குடிச்சாலும் மேனேஜர் மேல கை வைக்க மாட்டான். இங்கயும் கோர்ட் கண்காணிப்புல வகுப்பு வைங்க, வரலன்னா நடவடிக்கை எடுங்க, அவ நிலைமைய அவகிட்ட தனியா கேளுங்க.

- ஒரு வாசகி, பெரம்பூர்