வேலி இருந்தும் எப்படி வந்தார்கள் என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "எல்லைப் பாதுகாப்புப் படையில் (பி.எஸ்.எஃப்.) நீங்கள் எல்லாம் துப்பாக்கியோடு நின்றீர்களே, அப்புறம் எப்படிப்பா பங்களாதேஷ்காரர்கள் திருட்டுத்தனமாகப் பல்லடம் வரைக்கும் வந்தார்கள்?" என்றாய். கேள்வியில் கோபம் இருந்தது. வர வேண்டிய கோபம்தான். அது யார்மேல் வர வேண்டும் என்பதில்தான் உனக்கும் எனக்கும் வழக்கு.

முதலில் எல்லையைச் சொல்கிறேன். பங்களாதேஷோடு நமக்கு 4,096 கிலோமீட்டர் எல்லை. பாகிஸ்தான் எல்லையைவிட நீளம். அதில் பாதிக்கு மேல் மேற்கு வங்கத்தில் மட்டும். 2025 தொடக்கத்தில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 3,232 கிலோமீட்டருக்கு வேலி போட்டாயிற்று, 864 கிலோமீட்டர் பாக்கி. அந்தப் பாக்கியில் 174 கிலோமீட்டரில் வேலி நிற்கவே நிற்காது. ஆறு, சதுப்பு, மழைக்காலத்தில் இடம் மாறுகிற மணல்திட்டு. மிச்சம் 690 கிலோமீட்டர் போட முடிந்தும் போடாத இடம். ஏன் போடவில்லை என்று கேட்டால் நிலம் எடுக்கவில்லை, பக்கத்து நாடு ஆட்சேபிக்கிறது என்று பதில் வரும். நாடு பிரிந்து இத்தனை வருஷம் ஆகியும் அதே பதில்தான்.

வேலி இருக்கிற இடத்திலும் அது எல்லைக் கோட்டின்மேல் இல்லை. 1975-ல் இரண்டு நாடும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது. அதனால் வேலி உள்ளே தள்ளி வருகிறது. நம் விவசாயியின் நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறது. சில ஊர்களில் வீடே அந்தப் பக்கம்தான். காலையில் கேட்டைத் திறப்போம், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உழவுக்கு அனுப்புவோம், சாயங்காலம் எண்ணி உள்ளே விடுவோம். நதியா மாவட்டத்தில் நான் இருந்தபோது சணல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் அந்த எண்ணிக்கையெல்லாம் கடவுள் விட்ட வழி. இரு பக்கத்து ஆட்களும் ஒரே லுங்கி, ஒரே பேச்சு, பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

துப்பாக்கியைப் பற்றியும் கேட்டாய் இல்லையா? 2011 ஜனவரியில் கூச் பெஹார் எல்லையில் 15 வயதுப் பெண் ஒருத்தி, அப்பாவோடு தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது முள்வேலியில் சுடப்பட்டுச் செத்தாள். உடல் மணிக்கணக்கில் வேலியிலேயே தொங்கியது. சுட்டவரை எங்கள் படை நீதிமன்றம் விடுவித்தது, மறுவிசாரணையிலும் அதே தீர்ப்பு. காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கடத்திவிடுகிற தரகனை அங்கே தலால் என்பார்கள். எந்த தலாலும் அந்த வேலியில் தொங்கியதில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்து போனில் பேசுகிறவன்.

நீ கேட்டதற்குப் பதில் அந்த தலால்தான். அந்தப் பக்கம் ஒருவன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவான், இந்தப் பக்கம் ஒருவன் வாங்கிக்கொள்வான். பனிமூட்டம், டியூட்டி மாறுகிற நேரம், திருவிழா இரவு எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பைக்கில் ஸ்டேஷன், லோக்கல் ரயிலில் கொல்கத்தாவின் சியால்டா ஸ்டேஷன், அங்கிருந்து தெற்கே வரும் வண்டி. வழியில் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆதார். எங்கள் ஆட்களில் கை நீட்டியவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். 2020 நவம்பரில் மாட்டுக் கடத்தல் வழக்கில் ஒரு கமாண்டண்டையே சி.பி.ஐ. கைது செய்தது. வேலியே பயிரை மேய்கிறது என்று ஊரில் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது யார் பொறுப்பு என்பதற்கு வருகிறேன். அந்நியர், குடியுரிமை, நாட்டுக்குள் விடுவது, வெளியே அனுப்புவது எல்லாம் அரசியல் சாசனத்தில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. போலீஸ் மாநிலப் பட்டியலில். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் தலால் பிழைக்கிறான். மாநிலம் நிலம் தரவில்லை என்று டெல்லி சொல்லும். பி.எஸ்.எஃப். உங்களுடையது, நீங்கள்தான் உள்ளே விடுகிறீர்கள் என்று கொல்கத்தா சொல்லும். தேர்தல் வந்தால் சத்தம் கூடும், வேலி கூடாது.

சட்டம் போட்டதையும் பார். 1983-ல் அசாமுக்கு மட்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்க, தான் அந்நியன் இல்லை என்று சந்தேகத்துக்கு உள்ளானவர் நிரூபிக்க வேண்டும். அசாமில் மட்டும் புகார் செய்தவர்தான் எதிராளி அந்நியன் என்று நிரூபிக்க வேண்டும். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநிலத்தை வெளி ஆக்கிரமிப்பிலிருந்து காப்பது மத்திய அரசின் கடமை என்று 355-வது பிரிவு சொல்கிறது, சட்டவிரோதக் குடியேற்றமும் அதில் அடங்கும் என்றார்கள் நீதிபதிகள். 22 வருஷம் ஓடிய சட்டம்! அதைப் போட்டதற்காகவும் விட்டுவைத்ததற்காகவும் யாருடைய பதவியாவது போனதா?

குற்றம் செய்கிறார்களே என்றாய். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021-ல் பெங்களூரில் ஒரு இளம்பெண்ணைக் கொடுமைப்படுத்தி, பாட்டிலால் சித்திரவதை செய்து, அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். செய்த கும்பலில் பெரும்பாலோர் பங்களாதேஷிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர்கள். 2022 மே மாதம் 7 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சரியான தண்டனை. ஆனால் அந்தப் பெண்ணும் பங்களாதேஷ்தான் பாப்பா. வேலை வாங்கித் தருகிறோம் என்று ஏமாற்றி அதே எல்லை வழியாகக் கூட்டிவரப்பட்டவள். அவளிடம் காகிதம் இல்லை, போலீஸிடம் போக முடியாது. அதை நம்பித்தான் அந்தக் கும்பல் நடந்தது. காவல் இல்லாத எல்லையில் முதல் அடி விழுவது இப்படிப்பட்டவர்கள்மேல்தான். நான் பிடித்தவர்களில் கத்தி வைத்திருந்தவர்கள் குறைவு. செங்கல் சூளைக்கும் வீட்டு வேலைக்கும் குழந்தையோடு வந்தவர்களே அதிகம்.

வருஷக்கணக்கில் தூங்கிய அரசாங்கம் திடீரென்று விழித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 மே மாதம், சந்தேகத்துக்குரியவர்களின் ஆவணங்களை 30 நாளில் சரிபார்த்து முடிக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உள்துறை உத்தரவிட்டது. அடுத்த மாதமே மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைக் குடும்பத்தோடு டெல்லியில் பிடித்து, எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். அங்கே அவளைச் சட்டவிரோதமாக நுழைந்தவள் என்று சிறையில் போட்டார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியும் டிசம்பரில்தான், அதுவும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, மகனோடு வந்து சேர்ந்தாள்.

உன் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். வங்காளி பேசுகிற பையன்களை எல்லாம் நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொல்கிறார் என்றாயே, அதில் நீ கையெழுத்துப் போடாதே. மேற்கு வங்கத்து மால்டாக்காரனும் முர்ஷிதாபாத்காரனும் பேசுவது அதே பாஷை, அவன் நம் நாட்டு ஆள். பேச்சை வைத்து எல்லையில் நின்ற எங்களாலேயே பிரிக்க முடிந்ததில்லை. ஆதார் குடியுரிமைக்கு அத்தாட்சி இல்லை என்பதையும் ஞாபகம் வை. வாக்காளர் அட்டை, ஊர், தாலுகா, போலீஸ் ஸ்டேஷன் பெயர், ஊரிலிருக்கும் ஒருவரின் போன் நம்பர் எல்லாம் கேட்டு வாங்கு. ஊருக்குப் போன் போட்டு நீயே பேசு. லேபர் கான்ட்ராக்டர் கொடுக்கிற ஜெராக்ஸை நம்பாதே, பாதி வில்லங்கம் அங்கேதான். அவரிடம் ஆள் ஆளாக எழுதி வாங்கிக்கொள்.

சந்தேகம் வந்தால் ஸ்டேஷனுக்கு எழுத்தில் கொடு, நகலில் சீல் வாங்கு. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் போலிப் பாஸ்போர்ட், விசாவுக்கு 2 முதல் 7 வருஷம் சிறை, அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. அதை விசாரிப்பது போலீஸ் வேலை. ஆளை அறையில் பூட்டி வைப்பது, போனைப் பிடுங்குவது எல்லாம் உன் சூப்பர்வைசர்கள் செய்யக் கூடாது. செய்தால் வழக்கு உன் பெயரில் வரும். நிறுத்துகிற ஆளுக்கு வேலை செய்த நாள் கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடு, அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி.

முதலாளிகள் சங்கக் கூட்டம் இருக்கிறது என்றாயே, அங்கே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல். இங்கே பிடிபட்டவர்களுக்கு ஆதார் போட்டுக் கொடுத்தது எந்த ஊர் சென்டர், கூட்டிவந்த தலால் யார், ஆதார் போட்டவர்களிலும் தலால்களிலும் எத்தனை பேர் ஜெயிலில் இருக்கிறார்கள்? கலெக்டர் வந்தால் அவரிடமும் கேளுங்கள். வரி கட்டுகிறவர்கள் கேட்கலாம்.

அம்மா அதிரசம் சுட்டு வைத்திருக்கிறாள். மேல்வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை திருப்பூர் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் பைக் இன்ஷூரன்ஸ் புதுப்பித்தாரா என்று கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா