காய்ந்த ஓடையும் ஓடைதான்

பாலக்கோடு பக்கம்,
மார்கழி முதல் வாரம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தக்காளி பறிப்பு நடந்துகொண்டிருந்ததால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ராயக்கோட்டை மண்டிக்குப் போய் வந்தேன். இந்தத் தடவை விலை காலை வாரிவிடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. உன் பேச்சு வந்தால், "கெணத்துல குதிச்சு மண்டைய ஒடச்சிக்கிட்டானே, அந்தப் பையன்தானே?" என்று இன்னும் கேட்கிறாள்.

கடிதத்தின் கடைசி வரியில், "ஏரி நிரம்பிச்சா?" என்று கேட்டிருந்தாய். நிரம்பவில்லை. பக்கத்து ஊர் ஏரி ஐப்பசியிலேயே நிரம்பிக் கோடி போய்விட்டது. நம் ஏரியில் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலுக்கு இன்னும் நாலடி பாக்கி. மழையில் குறை வைக்கவில்லை. தண்ணீர் வருகிற வழியில் ரோடு வந்திருக்கிறது. அமெரிக்காவில் உன் வேலையே இதுதானே, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன தடவை நீ வந்தபோது கல் நட்டிருந்தார்களே, அதே சாலைதான். நாலு வழியாக்குகிறார்கள். ஊருக்குள் நுழையாமல் மேற்கே சுற்றிக்கொண்டு போகிறது. மேற்கு என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரட்டிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் இறங்குகிற பக்கம். பெரிய ஓடைக்குப் பாலம் கட்டியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குத் தெற்கே தண்ணீர் ஓடுகிற இரண்டு சின்னக் கால் வருமே, புளியமரத்துக்கால் ஒன்று, நாம் மாடு ஓட்டிப்போன தடத்தை ஒட்டி இன்னொன்று, அவற்றுக்கு ஒரு குழாய்கூடப் போடவில்லை. புல வரைபடத்தில் பெரிய ஓடைக்கு மட்டும்தான் ஓடைப் புறம்போக்கு என்று தனி சர்வே எண் இருக்கிறது. சின்னக் கால்கள் இரண்டும் பட்டா நிலத்துக்குள் ஓடுகிறவை. அளவெடுக்க வந்தவர்கள் சித்திரை மாதத்தில் வந்தார்கள். அப்போது அங்கே கோடை உழவு போட்ட வெறும் கொல்லைதான் இருந்தது. தண்ணீர் ஓடிய தடத்தை ஏர் அழித்துவிட்டிருக்கும்.

இப்போது அங்கே பத்தடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். கரட்டுத் தண்ணீர் மேட்டில் முட்டி, ஓரமாகவே ஓடி, பக்கத்து ஊர் ஏரியில் போய் விழுகிறது. அந்த ஊர்க்காரர்கள் மீது எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்கும் தண்ணீர் வேண்டியதுதான். ஆனால் எந்த ஏரிக்கு எவ்வளவு நிலத்துத் தண்ணீர் என்று கணக்குப் பார்த்துக் கரை போட்ட முன்னோர் வேலையை, ஒரே கோடையில் ஒரு பொக்லைன் மாற்றி எழுதிவிட்டது. அதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

வருகிற தண்ணீரும் பழைய தண்ணீராக இல்லை. ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். பாலத்துக்கு மேலே நூறடி தள்ளி ஒன்று, கீழே நூறடி தள்ளி ஒன்று பிடித்துவந்து திண்ணை மாடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மேல்பக்கத்துத் தண்ணீர் மறுநாள் விடிவதற்குள் தெளிந்துவிட்டது. அடியில் நகக்கண் அளவு மணல், அவ்வளவுதான். கீழ்ப்பக்கத்துப் பாட்டிலில் இரண்டு விரல்கடை செம்மண் படிந்த பிறகும் மேலே இருந்த தண்ணீர் டீ நிறத்திலேயே நின்றது. நாலாம் நாளும் அப்படியே. அம்மா பார்த்துவிட்டு, "தேத்தாங்கொட்டைய ஒரசி ஊத்துடா" என்றாள். கல்லில் உரைத்து ஊற்றினேன். அரைமணி நேரத்தில் மேகம் திரள்கிற மாதிரி திரண்டு இறங்கியது. ஒரு பாட்டிலுக்குக் கொட்டை உரைத்துவிடலாம், ஏரிக்கு யார் உரைப்பது? அந்த நுண்மண் மதகடியில் போய்ப் படிகிறது. கெளுத்தி முட்டை வைக்கிற இடம் அது. ஏரிப்படுகையின் வாயை அடைத்துக்கொண்டால் கிணறுகளுக்கும் ஊறாது. நம் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது, உனக்கே தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. பள்ளிக்கூடத்தில் என் முன்னால் உட்கார்ந்த எத்தனை பிள்ளைகள் பல்லில் மஞ்சள் வரியோடு சிரித்தார்கள்! ஏரி நிரம்பிய வருஷத்தில் ஏரிக்குக் கீழே இருக்கிற கிணற்றுத் தண்ணீர் வாய்க்கு நன்றாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. புதுத் தண்ணீர் ஊறினால் பழைய உப்பு நீர்க்கும்.

இன்னொன்றும் பார்த்தேன். கான்கிரீட் கலவை லாரிக்காரர் வேலை முடிந்ததும் ஓடை ஓரத்திலேயே உருளையைக் கழுவி ஊற்றுகிறார். வீட்டில் இருந்த சிவப்பு லிட்மஸ் தாளை அந்தக் குட்டையில் நனைத்தேன். நனைத்த கையோடு நீலமாகிவிட்டது. சிமெண்ட் கழுவிய தண்ணீரின் காரம் பி.எச். 12 வரை போகும், மீனின் செவுளே வெந்துவிடும். அந்த டிரைவரிடம் சொன்னேன். "எங்க கழுவறதுன்னு யாரும் சொல்லல சார்" என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படாத பணி என்று பதில் வந்தது. அது விதிப்படி சரிதான் என்று தேடிப் படித்தபோது தெரிந்தது. 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் முன் அனுமதி வேண்டும் என்கிறது. இருக்கிற சாலையை அகலப்படுத்துவதற்கு முதலில் 30 கிலோமீட்டர் என்று எல்லை வைத்திருந்தார்கள். 2013 ஆகஸ்டில் அதை 100 கிலோமீட்டராக உயர்த்தினார்கள். அதைத் தாண்டி, கூடுதலாக எடுக்கிற நிலத்தின் அகலமும் பழைய தடத்தில் 40 மீட்டருக்கு மேல், புறவழிச்சாலையில் 60 மீட்டருக்கு மேல் போனால்தான் அனுமதி வேண்டும். நம் சாலை அந்த நீளத்துக்கு வரவில்லை. ஆகவே மதிப்பீடும் இல்லை, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. நிலம் எடுக்கிற அறிவிப்பு வந்தபோது ஆட்சேபம் சொல்ல 21 நாள் கொடுத்தார்கள். அது நிலத்துக்காரனுக்கு. ஏரித் தண்ணீர் யாருடைய பட்டாவிலும் இல்லையே! தார் கலவை ஆலைக்கும் கான்கிரீட் ஆலைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். ஆலைக்கு வேலி, கணக்கு எல்லாம் உண்டு. மழையில் கரைந்து இறங்குகிற பத்தடி மண்மேட்டுக்கு அது எதுவும் இல்லை.

சதுப்புநில விதி இருக்கிறதே என்று நீ கேட்பாய். அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சதுப்புநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1971 ராம்சார் ஒப்பந்தம் இயற்கையோ செயற்கையோ, நிலையானதோ தற்காலிகமானதோ, ஆழமான கடல் தவிர மற்ற நீர்ப்பரப்பெல்லாம் சதுப்புநிலம்தான் என்கிறது. 1982இல் நம் நாடும் அதில் சேர்ந்துவிட்டது. 2017இல் இங்கே எழுதிய விதியோ, ஆற்றுப்படுகை, நெல்வயல், பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலை இவற்றை வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. நம் இரண்டு மாவட்டத்திலும் பாசனத்துக்கு வெட்டாத ஏரி எங்கே இருக்கிறது? நத்தைகுத்தி நாரை வந்து நிற்கிறது, கோரை வளர்கிறது, தவளை கத்துகிறது. காகிதத்தில் மட்டும் அது சதுப்புநிலம் இல்லை. வடுவூர், கரைவெட்டி மாதிரிப் பாசன ஏரிகள் ராம்சார் பட்டியலில் ஏறியிருப்பதால், மனசு வைத்தால் வழி உண்டு என்று தெரிகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அப்படி ஒரு ஏரிகூட இன்னும் ஏறவில்லை.

இவ்வளவு படித்துவிட்டு 1974ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தை எடுத்தேன். பழைய சட்டம்தானே என்று அலட்சியமாகத்தான் புரட்டினேன். அதில் நீரோட்டம் என்றால் என்ன என்று ஒரு வரையறை வருகிறது: ஆறு, அப்புறம் நீர்வழி, அது ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, அந்த நேரத்துக்கு வறண்டு கிடந்தாலும் சரி. மாப்ளே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எழுதியவர் யாரோ, நம் பக்கத்து ஓடையைக் கண்ணால் பார்த்தவர் மாதிரி எழுதியிருக்கிறார். வருஷத்தில் பத்து மாசம் மணலாகக் கிடக்கிற புளியமரத்துக்காலும் சட்டத்தின் கண்ணில் ஓடைதான். 24ஆம் பிரிவு அதில் மாசுபடுத்தும் பொருளைத் தெரிந்தே விடக்கூடாது என்கிறது. பாலம் கட்ட உரிமை உள்ளவர் கட்டுவதற்கு விலக்கும் கொடுக்கிறது. கொடுக்கட்டும். கலவை லாரி கழுவுகிற தண்ணீருக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்?

உன் ஊரில் நடப்பதை நீ எழுதியதை ஊர்ப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். 1972 அமெரிக்கத் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவில் ஓடையில் மண் கொட்ட ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி, அது கிடைக்க 401ஆம் பிரிவில் மாநிலத்தின் நீர்த்தரச் சான்று, மாநிலம் முடியாது என்று சொன்னால் வேலை நின்றுவிடும் என்றதும் ஒரு பையன், "ரோட்டையே நிறுத்தலாமா?" என்று வாயைப் பிளந்தான். நார்த் கரோலினாவில் சாதாரண ஓடைத் தண்ணீரின் கலங்கல்தன்மை 50 அலகைத் தாண்டக்கூடாது, டிரௌட் மீன் வாழ்கிற ஓடையில் 10 என்று நீ எழுதியிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. மீனைப் பார்த்து எண் வைத்திருக்கிறார்கள். பெரிய குழாயின் அடியை ஓடைப் படுகைக்குக் கீழே ஓரடி புதைக்க வேண்டும், அப்போதுதான் மீன் ஏறி இறங்கும் என்பதும் அப்படித்தான். இங்கே குழாய் போட்ட இடங்களில் அதன் வெளிவாயைப் படுகைக்கு மேலே ஒன்றரை அடி தொங்கவிட்டு, கீழே குழி பறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 2023 மே மாதத்து அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி நீ எழுதியிருந்தது கவலையாக இருக்கிறது. ஓரளவு நிலையாக ஓடுகிற நீரோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த சதுப்புக்குத்தான் இனிப் பாதுகாப்பு என்றால், மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை என்ன ஆகும்? அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் நம் மாவட்டத்தில் ஓடை என்று ஒன்றுகூட மிஞ்சாது. இன்னொன்றிலும் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. தவிர்க்க முடியாத இடத்தில் வேறொரு ஓடையைச் சீராக்கி ஈடுகட்டுவது நல்ல ஏற்பாடு என்கிறாய். அங்கே சரியாக இருக்கலாம். இங்கே ஒவ்வொரு ஏரிக்கும் அதன் கீழே பாசனம் பெறுகிற ஒரு ஆயக்கட்டும் ஒரு ஊரும் இருக்கிறது. காரிமங்கலத்தில் ஒரு ஏரியைத் தூர்வாரிக் கொடுத்தால் நம் தென்னைக்கு என்ன ஈடு?

தண்ணீர் வழியை மறந்தால் என்ன ஆகும் என்று 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் எல்லோரும் பார்த்தோம். ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏரி உடைப்பெடுத்தது போலப் பொங்கி, ரோட்டோரம் நின்ற வேன்களைப் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனது. அந்த மழைக்கு எந்தப் பாலமும் தாங்காது என்பார்கள். இருக்கலாம். ஆனால் வழியே இல்லாத இடத்தில் அதில் பாதி பெய்தாலும் அந்தப் பத்தடி மேடு கரை மாதிரி தண்ணீரைத் தேக்கும். மேட்டுக்கு மேற்கே பதினாலு வீடு இருக்கிறது.

போன மாதம் கிராம சபையில் தீர்மானம் போட்டோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுத்தோம். மனுவைவிடப் பலன் தந்தது வேறு. காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற ஒரு பெண் என்ஜினீயர், இருபத்தைந்து வயது இருக்கும், மேட்டில் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வாம்மா" என்று கூட்டிக்கொண்டு போய் இரண்டு பாட்டிலையும் காட்டினேன். பிறகு கொல்லையில் இறங்கி, உழவுக்கு அடியில் கூழாங்கல் வரிசையாகக் கிடப்பதைக் கம்பால் கிளறிக் காட்டினேன். குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தது. "உருண்டிருக்கு சார். இங்க தண்ணி ஓடியிருக்கு" என்று தானாகவே சொன்னது. மறுநாள் சரிவடியில் மணல்மூட்டை அடுக்கி, லாரி கழுவத் தனியாக ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துவிட்டார்கள். புளியமரத்துக்காலுக்கு ஒரு குழாய் சேர்க்க மேலே எழுதியிருப்பதாகச் சொல்கிறது. வரைபடம் திருத்தி வர வேண்டும். மேட்டின் மேல் தார் போடுவதற்கு முன் வந்தால் தோண்டிப் புதைக்கலாம். தார் விழுந்துவிட்டால் கஷ்டம்.

அதனால் ஒரு உதவி. தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்க நீங்கள் கண்ணாடிக்குழாய் மாதிரி ஒன்று வைத்திருப்பதாக எழுதினாயே, அடியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு மேலிருந்து பார்ப்பது, அதன் நீளம், குறுக்களவு, எந்த உயரத்தில் கட்டம் மறைந்தால் எத்தனை அலகு என்கிற அட்டவணை, மூன்றையும் எழுதி அனுப்பு. தர்மபுரியில் அக்ரிலிக் வெட்டிக் கொடுக்கிற கடை இருக்கிறது. என் பழைய மாணவிகள் நாலு பேர் அளவெடுக்கத் தயார். தை பிறந்ததும் சாலை வருகிற தடத்தில் ஓடை எங்கெங்கே குறுக்கிடுகிறது என்று நடந்து பார்த்துக் குறித்துவைக்கப் போகிறோம், வறண்டவற்றையும் சேர்த்து.

பொங்கலுக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். சரி, ஆடிக்காவது வா. உன் பங்கு மல்கோவா மரம் இந்த வருஷம் நன்றாகத் துளிர்த்திருக்கிறது. அம்மா உன் பிள்ளைகளை விசாரித்தாள். குழாய் அளவை மட்டும் தள்ளிப் போடாதே, உடனே எழுது.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்