பெஞ்ச் ஆட்டக்காரர்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணம் வட்டாரப் பிள்ளைகளுக்கான கோடைக்காலக் கூடைப்பந்து முகாமில், பெஞ்சில் உட்கார்ந்திருந்து மாற்று ஆளாக இறங்குகிறவர்களுக்கென்று தனிப் பயிற்சி நடந்தது. "உக்காந்திருக்கிறவனுக்கு எதுக்குங்க பயிற்சி?" என்று கேட்காமல் உதவியவர்களுக்கும், கேட்டுவிட்டு உதவியவர்களுக்கும் இந்த மடல்.

வங்கி அணிக்கும் ரயில்வேக்கும் ஆடி ஓய்வுபெற்ற அண்ணன்களுக்கு முதல் நன்றி. அவர்கள் சாக்பீஸால் தரையில் போட்ட கணக்கு இது: ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர், ஆக 200 நிமிடம். முதல் ஐவரும் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினாலும் 50 நிமிடம் மிச்சம். அதை ஆடப்போவது பெஞ்ச்தான். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் இந்த வேலைக்கென்றே 1983 முதல் 'சிக்ஸ்த் மேன்' (ஆறாவது ஆள்) விருது உண்டு. 2004 ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவோடு தங்கம் வென்ற மனு ஜினோபிலி, 2008-ல் அந்த விருதை வாங்கினார். நம்மூரில் கூடைப்பந்தால் பிழைப்பு என்றால் பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான். அங்கே போனாலும் 12 பேரில் 7 பேர் உட்கார்ந்துதான் ஆட்டத்தைத் தொடங்கணும்.

பிசியோதெரபி பார்க்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. வார்ம்-அப் முடித்துக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் உடம்பு ஆறிப்போகும். அப்படியே இறங்கி ஒரு ஃபாஸ்ட் பிரேக் (பந்து கிடைத்ததும் எதிர்க்கூடைக்குப் பாயும் ஓட்டம்) ஓடினால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளலாம். மே மாதப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டுவதால் உடம்பு தயாராக இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வேர்வை வேறு, தசை தயாராவது வேறு. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை பெஞ்ச் எல்லைக்குள்ளேயே எழுந்து கணுக்காலைச் சுழற்றணும், பத்து அரை உட்கார்-எழு போடணும், நின்ற இடத்திலேயே 20 வினாடி வேகமாகக் கால் மாற்றணும். இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டு முதலில் பந்தைத் தொட வேண்டியவர்களும் இவர்கள்தான்.

ஸ்கோரும் நேரமும் குறிக்கும் டேபிளில் மலைபோல் பொறுமை காத்த அதிகாரிகளை எப்படிச் சொல்வது! மாற்று ஆளாகப் போகிறவர் கோச் கத்துவதை நம்பாமல் தானே ஸ்கோரரிடம் போய்ச் சொல்லணும், நாற்காலியில் காத்திருக்கணும், நடுவர் கைகாட்டிய பிறகே உள்ளே கால் வைக்கணும். ஒருவர் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினால் 30 வினாடிக்குள் மாற்று ஆள் வேண்டும். அந்த நேரத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தால் கதை கந்தல். ஸ்கோர் ஷீட்டில் முதல் ஐவருக்குப் பெருக்கல் குறியைச் சுற்றி வட்டம், பிறகு இறங்குகிறவருக்கு வட்டமில்லாத வெறும் பெருக்கல் குறி, இறங்காதவருக்கு ஒன்றுமில்லை. தாளைப் பக்கத்தில் வைத்து இதைக் காட்டியதும் பிள்ளைகள் முகம் மாறியது.

இறங்கிய முதல் நிமிடத்தில் நடக்கும் தப்பு இரண்டு: கை எட்டி வாங்கும் ஃபவுல், வந்ததும் வீசும் ஷாட். வெளியே வருகிறவரிடம் "யாரைப் பிடிக்கணும்? டீம் ஃபவுல் எத்தனை?" என்று கேட்டுவிட்டுப் போனால் முதலாவது பெரும்பாலும் குறையும். ஒரு குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்) அணியின் ஃபவுல் நான்கு ஆகிவிட்டால், தடுத்தாடும்போது செய்யும் அடுத்த ஃபவுலுக்கு எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (தடையில்லாமல் வீசும் வாய்ப்பு). ஷாட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு ஸ்க்ரீன் (கூட்டாளியைப் பிடிக்க வருகிறவரின் வழியில் நிற்பது), ஒரு பாக்ஸ்-அவுட் (திரும்பும் பந்துக்கு எதிராளியை முதுகால் மறிப்பது). இதை அலுக்காமல் சொல்லிக்கொடுத்த கல்லூரி மாணவர்களுக்கு நன்றி.

மைதானத்தில் உளுந்து காயப்போட்டிருந்த விவசாயிகளே, மூன்று மணிக்கெல்லாம் வாரிக்கொண்டு, கூட்டி, ஈரச்சாக்கால் துடைத்தும் கொடுத்தீர்கள். ஷூவுக்கடியில் நாலு உளுந்து உருண்டால் கணுக்கால் போச்சு. தூசி மட்டும் இருந்தாலும் திரும்பும்போது வழுக்கும். துடைத்தபின் தரை காய விட்ட கால் மணி நேரமும் வீணில்லை.

தினமும் உப்புப்போட்ட நீர்மோர் தந்த டீக்கடை அக்காவுக்கும், பெஞ்சுக்கும் டேபிளுக்கும் நாற்காலி கொடுத்து வாடகை வாங்காத பந்தல்காரருக்கும் நன்றி. நாற்காலிகளைக் கழுவி அடுக்கியாயிற்று; பந்தல்கார அண்ணன் வண்டி அனுப்பினால் ஏற்றிவிடுகிறோம். ஸ்கோர் ஷீட் நகல் வேண்டிய பெற்றோர் மாலை ஐந்துக்கு மேல் மைதானத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
முகாம் பயிற்சியாளர்கள்