ராடுகானுவின் வெற்றியை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்ம வயது வீராங்கனை யாராவது பெரிய போட்டியில் எதிர்பாராமல் முன்னேறினால், விளையாட்டுப் பக்கங்களில் பிரிட்டன் டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானுவின் பெயர் உடனே வந்துவிடுகிறது. 2021-இல் அவர் அமெரிக்க ஓப்பனை வென்றதற்குத் திரும்பத் திரும்ப இரண்டே காரணங்கள்தான் சொல்லப்படுகின்றன. ஒன்று, அது ஓர் அதிசயம், அதிர்ஷ்டம். மற்றொன்று, சீனத் தாய்க்கும் ருமேனியத் தந்தைக்கும் பிறந்ததால் வந்த ரத்தக் கலப்பின் வலிமை. இரண்டிலும் டென்னிஸ் இல்லை. அந்தப் பெண் நியூயார்க் ஆடுகளத்தில் என்னதான் செய்தார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் வாசகருக்கு, முக்கியமாக மட்டையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, இதில் ஒன்றுமே கிடைப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘உலகத் தரவரிசையில் 150-ஆவது இடத்தில் இருந்த பெண்’ என்ற தொடர் எல்லாச் செய்தியிலும் வரும். தரவரிசை திறமையை அளக்கும் கோல் அல்ல. பொதுவாகக் கடந்த 52 வாரங்களில் சேர்ந்த புள்ளிகளின் கூட்டல், அவ்வளவுதான். ஆடாதவருக்குப் புள்ளி இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் சர்வதேசப் போட்டிகள் நின்றன. அவை மறுபடி தொடங்கிய பிறகும் ராடுகானு பெரும்பாலும் படிப்பில்தான் இருந்தார். 2021-இல் பள்ளி இறுதித் தேர்வு முடித்தார்; கணிதம், பொருளாதாரம் இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண். அதற்கு முன்னரோ, 18 வயது நிரம்பாத பெண்கள் ஆண்டுக்கு இத்தனை போட்டிகளில்தான் ஆடலாம் என்ற வரம்பு வேறு. பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் முதல்நிலைப் போட்டி ஒன்றின் முதன்மைச் சுற்றில் அவர் முதன்முதலாக இறங்கியதே 2021 ஜூனில், நாட்டிங்ஹாமில். அதிலும் முதல் சுற்றிலேயே தோற்றார்.

அதே மாதக் கடைசியில் வைல்டு கார்டு (தரவரிசையைப் பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் இடம்) பெற்று விம்பிள்டனில் நுழைந்தபோது அவருடைய இடம் 338. அங்கே நான்காவது சுற்று வரை போனார். வழியில் அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் மார்கெட்டா வோண்ட்ரூசோவா. 2019 பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டம் வரை வந்திருந்தவர், பின்னாளில் 2023-இல் விம்பிள்டனையே வென்றவர். ஆக, 338 என்ற எண் அந்தப் பெண் எவ்வளவு குறைவாக ஆடியிருந்தார் என்பதைத்தான் சொன்னது. எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. நான்காவது சுற்றில் அயிலா டோம்லியானோவிச்சுக்கு எதிராக முதல் செட்டை (ஆட்டத்தின் ஒரு பகுதி; பொதுவாக முதலில் ஆறு கேம் எடுப்பவருக்கு) 4-6 என்று இழந்து, இரண்டாவதில் 0-3 என்று பின்தங்கியிருந்தபோது மூச்சு விடச் சிரமப்பட்டு ஆட்டத்தைப் பாதியில் விட்டார். மனத்திடம் இல்லாத பெண் என்று அப்போது எழுதியவர்களும் உண்டு. பெரிய மைதானத்தில், ஐந்து செட் வரை போகாத பெண்கள் ஆட்டத்தில்கூட, பழக்கமில்லாத உடல் எப்படித் திணறும் என்பது பயிற்சி தருபவர்களுக்குத் தெரியும்.

இனி நுழைவு விதி. அமெரிக்க ஓப்பன் பெண்கள் ஒற்றையரில் முதன்மைச் சுற்றுக்கு 128 இடங்கள். 104 பேர் தரவரிசைப்படி நேரடியாக வருவார்கள், 8 பேர் வைல்டு கார்டில், மீதி 16 பேர் தகுதிச் சுற்றிலிருந்து. நேரடி நுழைவுக்கான பட்டியல், போட்டி தொடங்கச் சுமார் ஆறு வாரம் இருக்கும்போதே மூடப்பட்டுவிடும். விம்பிள்டனில் கிடைத்த புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தும் அவருக்கு அந்தப் பட்டியல் எட்டவில்லை. ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த, முதல்நிலைக்கு ஒரு படி கீழான 125 வகைப் போட்டியில் இறுதி வரை சென்று கிளாரா டௌசனிடம் மூன்று செட்டில் தோற்றாரே, அந்தப் புள்ளிகளும் சேர்ந்துதான் 150-ஆவது இடம் வந்தது. ஆனால் பட்டியல் அதற்குள் மூடியிருந்தது. எனவே தகுதிச் சுற்று.

தகுதிச் சுற்றிலும் 128 பேர் கொண்ட ஆட்டப் பட்டியல். 16 இடத்துக்கு அவ்வளவு பேர். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும், ஒன்றில் தோற்றாலும் வீட்டுக்குத்தான். அவரே தகுதிச் சுற்று முடியும் நாளை ஒட்டி ஊர் திரும்ப விமான டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். பிபியானே ஸ்கூஃப்ஸ், மரியம் போல்க்வாட்ஸே, மாயர் ஷெரிஃப் ஆகிய மூவரையும் ஒரு செட்கூட இழக்காமல் வென்று உள்ளே வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு செட் 7-5 வரை போனது. அவர் நியூயார்க்கில் ஆடிய 20 செட்டுகளில் அதைவிட நெருக்கமான செட் வேறில்லை. 6-6 என்று சமமானால் ஆடும் டைபிரேக் ஒன்றுகூட இல்லை.

முதன்மைச் சுற்றில் ஏழு ஆட்டங்கள். ஸ்டெஃபனி ஃபோகெலே 6-2, 6-3. ஜாங் ஷுவாய் 6-2, 6-4. சாரா சொரிபெஸ் டோர்மோ 6-0, 6-1. ஷெல்பி ரோஜர்ஸ் 6-2, 6-1. பெலிண்டா பென்சிச் 6-3, 6-4. மரியா சக்காரி 6-1, 6-4. இறுதியில் லேலா ஃபெர்னாண்டஸ் 6-4, 6-3. கூட்டிப் பாருங்கள்: 14 செட்டுகளில் எதிராளிகளுக்குப் போனது 34 கேம், ஒரு செட்டுக்கு இரண்டரைக்கும் குறைவு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பெரிய போட்டிகள் திறந்துவிடப்பட்ட ‘ஓப்பன் காலம்’ தொடங்கிய 1968-லிருந்து, ஆணோ பெண்ணோ, தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகள்) ஒற்றையர் பட்டம் வென்றவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

அதிர்ஷ்டம் துளியும் இல்லையா என்று கேட்டால், இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. முதல் சுற்றில் அவருக்கு எதிரே இருந்தவர் 13-ஆம் நிலை வீராங்கனை ஜெனிஃபர் பிரேடி. காயத்தால் பிரேடி விலக, தகுதிச் சுற்றில் தோற்றிருந்த ஃபோகெலே அந்த இடத்துக்கு வந்தார். முதலிடத்தில் இருந்த ஆஷ்லி பார்ட்டியை ரோஜர்ஸும், நான்காம் நிலையில் இருந்த கரோலினா பிளிஸ்கோவாவை சக்காரியும் முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். முதல் பத்து இடத்துக்குள் இருந்த எவரையும் ராடுகானு சந்திக்கவில்லை. ஆனால் பார்ட்டியை வென்ற கையோடு வந்த ரோஜர்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது மூன்றே கேம். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று ஆறு வாரம்கூட ஆகாத பென்சிச்சுக்கு ஏழு. ஆட்டப் பட்டியல் கதவைத் திறந்து விடலாம். 6-0, 6-1 என்று ஸ்கோர் எழுதித் தராது.

அவர் ஆடிய முறைக்கு வருகிறேன். எதிராளியின் இரண்டாவது சர்வை (முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் மறுவாய்ப்பு) அவர் பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் பின்கோடு) உள்ளே கால் வைத்து நின்று எடுத்தார். பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, உச்சிக்குப் போகுமுன், உடலுக்கு முன்னால் மட்டையைச் சந்திக்க வைத்தார். இதற்கு மட்டையைப் பின்னால் கொண்டுபோகும் வீச்சு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். வீச்சு நீண்டால் பந்து உடலைத் தாண்டிவிடும், மட்டையின் விளிம்பில் படும், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே பறக்கும். பயிற்சியில் இதைப் பார்த்துச் செய்ய முயலும் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். முன்னால் போய் நின்றுவிடுவார்கள், வீச்சை மட்டும் குறைக்க மாட்டார்கள். எதிராளி மட்டையை வீசும் கணத்தில் ஒரு சின்னத் துள்ளல் போட்டு இரண்டு கால்களும் சமமாக இறங்கியிருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுவார்கள். ராடுகானுவிடம் இந்தத் துள்ளல் ஒவ்வொரு பந்துக்கும் இருந்தது. போட்டியின் காணொளிகளை ஒலி இல்லாமல் போட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள், தெரியும்.

பந்தும் ஒத்துழைத்தது. அமெரிக்க ஓப்பனில் அப்போது ஆண்களுக்குக் கம்பளி தடித்த பந்து, பெண்களுக்குக் கம்பளி மெலிந்த பந்து. மெலிந்த கம்பளிப் பந்து காற்றில் வேகமாகப் போகும், சுழலை அவ்வளவாகப் பிடிக்காது. தட்டையாகவும் சீக்கிரமாகவும் அடிப்பவருக்கு இது வசதி. பந்தைச் சுழற்றி உயரமாக அனுப்பிப் பழகியவர்கள் கட்டுப்பாட்டை இழப்பார்கள். ஒரே பந்து எல்லோருக்கும்தான் என்றாலும், எல்லோருக்கும் ஒரே பலன் இல்லை.

இறுதியாட்டம் தனியாகப் பார்க்க வேண்டியது. லேலா ஃபெர்னாண்டஸ் இடது கைக்காரர். அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து (சர்வ் போடுபவருக்கு ஆடுகளத்தின் இடது பாதி) இடது கைக்காரர் வெட்டிப் போடும் சர்வ், வலது கைக்காரரின் பேக்ஹேண்டுக்கு (உடலின் இடப்பக்க அடி) வெளியே விலகி விலகிப் போகும். பின்னால் நின்று காத்திருந்தால் ஆடுகளத்தை விட்டே வெளியே இழுக்கப்படுவோம், திரும்பி வருவதற்குள் மறுபக்கம் முழுக்கக் காலி. ராடுகானுவின் சிறந்த அடி இரு கை பேக்ஹேண்ட். முன்னால் நின்றதால் பந்து விலகும் முன்பே அதைச் சந்தித்தார். இடது கைக்காரரின் மிகப் பெரிய ஆயுதம் எதிராளியின் பலமான பக்கத்துக்கே போனது. முதல் செட்டை 5-4-இல் ஃபெர்னாண்டஸின் சர்வை முறித்து (அவர் சர்வ் போட்ட கேமைத் தான் வென்று) முடித்தார். இரண்டாவது செட்டில் 1-2 என்று பின்தங்கி, அடுத்த நான்கு கேமையும் எடுத்து 5-2 ஆனார்.

5-3-இல் தன் சர்வில் 30-40 என்று, இன்னொரு புள்ளி போனால் கேமே போய்விடும் நிலையில் இருந்தபோது சறுக்கி விழுந்து இடது முழங்கால் கிழிந்தது. சிகிச்சைக்காக ஆட்டம் நின்றபோது ஃபெர்னாண்டஸ் அதிகாரியிடம் முறையிட்டார். பலர் இதை ராடுகானுவின் தந்திரமாக எழுதினார்கள். ரத்தம் வழியும்போது ஆட்டத்தைத் தொடர விடக்கூடாது என்பது விதி, வீராங்கனை விரும்பினாலும் முடியாது. முறித்துவிடும் வாய்ப்பு கையில் இருந்த நேரத்தில் காத்திருக்க நேர்ந்த ஃபெர்னாண்டஸின் எரிச்சலும் நியாயமானதுதான். கட்டுப் போட்டுவிட்டு வந்த ராடுகானு அந்த பிரேக் வாய்ப்பைத் தடுத்து, கடைசியில் ஏஸ் (எதிராளி தொட முடியாத சர்வ்) போட்டு முடித்தார். ஃபெர்னாண்டஸ், முன்னணி வீராங்கனைகளான ஒசாகா, கெர்பர், ஸ்விடோலினா, சபலென்கா நால்வரையும் வரிசையாக மூன்று செட்டில் வென்று வந்தவர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவருக்கு அந்த வாரம்தான் 19 வயது முடிந்திருந்தது.

இப்போது வம்சாவளி. ராடுகானு 2002-இல் டொராண்டோவில் பிறந்தார். தந்தை புக்கரெஸ்டைச் சேர்ந்தவர், தாய் சீனாவின் ஷென்யாங்கைச் சேர்ந்தவர். இரண்டு வயதில் குடும்பம் லண்டனுக்குப் போனது. வளர்ந்தது, படித்தது, பயின்றது எல்லாம் அங்கே. ஃபெர்னாண்டஸ் மாண்ட்ரியலில் பிறந்தார். தந்தை எக்வடோர்காரர், தாய் பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த கனடாக்காரர். ஆக, இறுதியில் மோதிய இருவரும் கனடாவில் பிறந்தவர்கள்; கோப்பை போனது பிரிட்டன் கணக்கில், 1977-இல் வர்ஜீனியா வேட் விம்பிள்டன் வென்ற பிறகு பிரிட்டன் பெண் ஒருவருக்குக் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் முதல்முறையாக. இதில் ‘உண்மையில் எந்த நாட்டுப் பெண்’ என்று கேட்பதற்கு ஒன்றுமில்லை. போட்டிகளில் அவர் பிரிட்டன் வீராங்கனையாகப் பதிவு செய்தவர், அதுவே விளையாட்டுக்குப் போதும். நாட்டு அணிகள் மோதும் போட்டியில் ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டால், பிறகு இன்னொரு நாட்டு அணிக்குப் போவது பொதுவாக முடியாது.

ரத்தம்தான் வென்றது என்று எழுதும்போது என்ன கெடுகிறது என்றால், பெற்றோர் செய்த வேலை மறைந்துவிடுகிறது. சின்ன வயதில் அவரைக் குதிரையேற்றம், பாலே நடனம், கோ-கார்ட் (சிறு கார்) பந்தயம் என்று பலவற்றிலும் விட்டார்கள். டென்னிஸோடு படிப்பையும் விடாமல் நடத்தினார்கள். இவை ஒரு வீட்டில் எடுக்கப்பட்ட முடிவுகள், ஷென்யாங்கிலும் புக்கரெஸ்டிலும் எல்லா வீடுகளிலும் இப்படி நடப்பதில்லை. வம்சாவளி அவருக்குக் கொடுத்தது வேறொன்று, அது எனக்கு மிகவும் பிடித்ததும்கூட: பட்டம் வென்றபின் சீன ரசிகர்களுக்கு மாண்டரின் மொழியிலேயே பேசி நன்றி சொன்னார். தன் சமூக ஊடக அறிமுகத்தில் அவர் எழுதியிருந்தது லண்டன், டொராண்டோ, ஷென்யாங், புக்கரெஸ்ட் என்ற நான்கு ஊர்ப் பெயர்கள் மட்டும். நம் வாசகர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இப்படி மூன்று, நான்கு ஊர்ப் பெயர்களைச் சொல்ல வேண்டியவர்கள். அவர்களுக்கு இந்தச் செய்தியைச் சரியாகக் கொடுங்கள். பிறந்த ஊர், பெற்றோரின் ஊர், வளர்ந்த ஊர், ஆடும் நாடு ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதினால் போதும், குழப்பம் வராது.

அடுத்து வந்த சரிவையும் பலர் ‘அதிர்ஷ்டம் தீர்ந்தது’ என்று முடித்துவிடுகிறார்கள். தகுதிச் சுற்றுக்கு 40, பட்டத்துக்கு 2000 என்று 2021-இல் அவர் பெற்ற 2040 புள்ளிகளும் 52 வாரம் முடிந்ததும் ஒரே நாளில் கழிந்தன. 2022 அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றில் அலிசே கார்னேவிடம் தோற்றதால் ஈடுகட்டப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. 11-ஆவது இடத்திலிருந்து 83-க்கு இறங்கியது இந்தக் கழித்தலால். வென்ற வேகத்தில் பயிற்சியாளர் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சனை விட்டுப் பிரிந்ததும், அடுத்தடுத்துப் பயிற்சியாளர்களை மாற்றியதும் சரியான முடிவுகள் என்று நான் நினைக்கவில்லை. 2023-இல் இரு மணிக்கட்டுகளிலும் ஒரு கணுக்காலிலும் அறுவைச் சிகிச்சை. வயது வந்தவர்களுக்கான போட்டி வரிசையில் ஒரு முழு ஆண்டுகூட ஆடிப் பழகாத உடல், திடீரென்று வாரா வாரம் கடினத் தரையில் ஆட வேண்டி வந்தால் பழுதாகக்கூடிய இடங்களில் மணிக்கட்டும் கணுக்காலும் உண்டு.

ஆசிரியருக்கு இரண்டு வேண்டுகோள்கள். கிராண்ட் ஸ்லாம் தொடங்குவதற்கு முந்தைய வாரமே தகுதிச் சுற்று முடிவுகளைச் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். பெண்கள் தரவரிசைப் பட்டியலில் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே, அந்தப் புள்ளிகள் எத்தனை போட்டிகளில் வந்தவை என்ற எண்ணும் இருக்கிறது. இளம் வீராங்கனை ஒருவரின் இடத்தைக் குறிப்பிடும்போது அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டென்னிஸ் பயிற்சியாளர்