மிரட்டிப் பள்ளிக்கு அழைக்க வேண்டாம்

ஐயா,

கொரோனாவால் மூடிக்கிடந்த பள்ளிகள், 2021 நவம்பர் 1 முதல் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திறந்துவிட்டன. வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. ஆனால் கோத்தகிரி பக்கம் எங்கள் பிள்ளைகளின் பள்ளியிலிருந்து தினமும் போன் வருகிறது: வருகை குறைந்தால் பெயரை நீக்கிவிடுவார்களாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். இது தெரியாத தோட்டத் தொழிலாளர்கள் பயந்துபோய் அனுப்புகிறார்கள்.

குளிர் தாங்காமல் வகுப்பறை ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிடுகிறார்கள். மழைநாளில் கண்ணாடி முழுக்க பிள்ளைகளின் மூச்சு ஆவியாகப் படிந்து வழிகிறது. அதே பிள்ளை மாலையில் திரும்புவது, மூச்சிரைப்புள்ள பாட்டியும் சேர்ந்து படுக்கும் ஒற்றை அறை லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு). இந்த 2021 நவம்பர் வரை பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசியும் வரவில்லை.

வீட்டில் வைத்திருந்தால் படிப்பு கெடுகிறது, உண்மைதான். சிக்னலுக்காகத் தேயிலைச் சரிவில் ஏறி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதற்குத்தான், பிள்ளைகளுக்கு வீட்டருகிலேயே பாடம் சொல்லித்தரும் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத் தன்னார்வலர்கள் முதலில் லைன் வீடுகளுக்கு வர வேண்டும். வாரம் ஒருமுறை பயிற்சித்தாள் கொடுத்து, எழுதித் தருவதை வருகையாக ஏற்கலாம். மிரட்டல் போன்களை மாவட்டக் கல்வி நிர்வாகம் உடனே நிறுத்த வேண்டும்.

- ஒரு தாய், கோத்தகிரி