காகிதப்பூவைக் கொஞ்சம் காயப் போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையெல்லாம் கரும்பச்சையாகப் பளபளக்கிறது, பூ ஒன்றுகூட இல்லை. தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. காலையும் மாலையும் ஊற்றுகிறாய், அப்படித்தானே?

காகிதப்பூ வறட்சிக்குப் பழகிய செடி. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இலையாகவே தள்ளிக்கொண்டு போகும். முதலில் அந்தத் தட்டை எடுத்துவிடு. மண்ணில் விரலை விட்டுப் பார். உள்ளே ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இலை லேசாகத் துவண்ட பிறகு ஊற்றலாம். ஊற்றுகிற அன்று மட்டும் அடித்துளை வழியாக வடிகிற அளவுக்கு ஊற்று. ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும்; நிழலில் வைத்துவிட்டு உரத்தைக் குறை சொல்லாதே.

பூப்பது புதுத் தளிரில்தான். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடு. பூ என்று நாம் சொல்லும் அந்த ரோஸ் நிறக் காகிதமெல்லாம் நிறம் மாறிய இலைகள்தான். நடுவில் குச்சி குச்சியாக மூன்று இருக்குமே, வெள்ளை முனையோடு, அவைதான் நிஜப் பூக்கள்.

மதிலோரம் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை, ஆனால் நடைபாதையை விட்டு நன்றாகத் தள்ளி வை. முள் சட்டையைப் பிடித்து இழுக்கும். பற்றிக்கொள்ளச் சுருள் கம்பி மாதிரி எதுவும் அதற்குக் கிடையாது. நீதான் கம்பி கட்டி, கிளையைத் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். வேலி மாதிரி மாதாமாதம் கத்தரித்தால், பூக்க வேண்டிய தளிர் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். நாலு நிறத்தைக் கலந்து நடாதே, ஒரே நிறம் மதில் முழுக்கப் படர்ந்தால்தான் பார்க்க அழகு. நிலத்தில் வைத்த செடிக்கு வேர் பிடிக்கும்வரை ஒழுங்காகத் தண்ணீர் விடு. காயப் போடுவதெல்லாம் அப்புறம்தான்.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்கு. ஒருதடவை நான் வேரை உதறிக் கழுவி வைத்தேன், பத்தே நாளில் செடி போய்விட்டது. உன் அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு கதையும் இருக்கிறது. காகிதப்பூவுக்குப் போகன்வில்லா என்றும் பெயர் உண்டல்லவா, அந்தப் பெயர் 1766-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகன்வில்லுடையது. அந்தப் பயணத்தில் தாவரவியலாளர் கொம்மெர்சோனுக்கு உதவியாக ஆண் வேடமிட்டுப் போனவர் ழான் பாரே என்ற பெண். பிரேசிலில் இந்தச் செடியை முதலில் பறித்து வந்தது அவர்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

சரி, அடுத்த போட்டோவில் அந்தத் தட்டு இருக்கக்கூடாது.

அன்புடன்,
அப்பா