பெயர் போடாத தொடர்கதை

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே வீட்டுக்கு வெள்ளையடித்தோம், அதில் பதில் தள்ளிப்போய்விட்டது. ஆனால் உனக்குச் சொல்ல ஒரு விஷயம் அந்த வெள்ளையடிப்பில்தான் கிடைத்தது.

பரணிலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் ஒரு பைண்டு புத்தகம். நம் அம்புலிமாமா தொடர்கதை! அம்மா மாதாமாதம் அந்தச் சிறுவர் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தெருக்கோடி பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. தையல் ஓரத்தில் எழுத்துகள் உள்ளே போய்விட்டன, பாதிச் சொல்லை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அந்தந்த மாதப் பகுதி முடிந்த பக்கத்தின் பின்னால் வேறொரு கதையின் நடுப்பகுதி நிற்கிறது. ஒரு பூதத்துக்கு நீ நீல மையில் போட்ட மீசை இன்னும் அழியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பேத்தி அதை எடுத்துக்கொண்டு போனாள். பத்து வயது. தமிழில் பாடப்புத்தகம் தவிர எதையும் அவள் தானாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. மந்திரவாதி, பாழடைந்த கோட்டை, வழி தவறிய இரண்டு இளைஞர்கள், ஒவ்வொரு மாதமும் கத்தி கழுத்துக்கு வரும் நேரத்தில் 'தொடரும்'. கடைசியில் ஓடிவந்து, "தாத்தா, அப்புறம்?" என்றாள். அப்புறம் இல்லை. கடைசி இரண்டு மாதப் பக்கங்கள் சேரவே இல்லை, நாங்கள் வீடு மாறிய சமயம் அது. எனக்கே ஐம்பது வருடமாக முடிவு தெரியாது.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு இரவு தேடி எடுத்தேன். அப்படித் தேடும்போதுதான், இந்த மாதிரித் தொடர்களை எழுதியவர் யாரென்றே தெரிந்தது. தாசரி சுப்ரமணியம். மூலம் தெலுங்கு, நாம் படித்தது மொழிபெயர்ப்பு. 1952ல் வேலைக்குச் சேர்ந்தவர், அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பத்திரிகையிலேயே இருந்திருக்கிறார். தொடரில் அவர் பெயரைப் போட்டதே இல்லை. படத்தின் மூலையில் 'சித்ரா' என்ற கையெழுத்து மட்டும் இருக்கும், யாரோ ஒரு அக்கா வரைகிறார் என்று நாம் நினைத்தோமே, அது ராகவன் என்பவர். வடபழனியில் அந்த அலுவலக வாசல் வழியாக எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்போம், ரங்கா! உள்ளே உட்கார்ந்து நம்மைத் தூங்கவிடாமல் செய்தவர் பெயர் கூடத் தெரியாமல் போயிருக்கிறோம். 2010ல் சுப்ரமணியம் மறைந்துவிட்டார். எனக்கு இது மனசைப் பிசைகிறது.

தெலுங்கில் அவருடைய தொடர்களைப் புத்தகமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். தமிழிலும் அப்படி வரவேண்டும். நம் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவாவது பரவாயில்லை, பெயர் நின்றது, மறுபதிப்புகளும் வந்தன. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் அவருடையது இரண்டு வாங்கினேன். ஆனாலும் அங்கே வந்த இளம் பெற்றோர் பலர் அந்த அடுக்கைத் தாண்டி ஆங்கிலப் புத்தகக் கடைக்குத்தான் போனார்கள். கோகுலம், பூந்தளிர் பத்திரிகைகளுக்கு அவர் எழுதிக் குவித்ததைப் படித்து வளர்ந்தவர்களே தங்கள் பிள்ளைகளிடம் அவரைச் சொல்லவில்லை.

பழசு என்பதால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பேத்தி கேட்டாள், "இதுல பொண்ணுங்க ஏன் சும்மா அழுதுட்டே இருக்காங்க?" நியாயமான கேள்வி. காட்டில் வாழ்கிறவர்களை முரடர்களாகவே காட்டுவதும் இன்று படிக்கும்போது உறுத்துகிறது, அதை அவளிடம் சொன்னேன். ஆனால் பயத்தை அந்தக் கதைகள் நீர்த்துப்போக விடவில்லை. குகை இருட்டு என்றால் இருட்டுதான். நடுவில் நிறுத்தி நீதி சொல்வதில்லை. சின்னச் சின்ன வாக்கியம், ஆனால் குழந்தையிடம் கொஞ்சிப் பேசுகிற தமிழ் இல்லை. இன்று சிறுவர்களுக்கு வருகிற பல புத்தகங்களில் எனக்கு இதுதான் கிடைப்பதில்லை.

முடிவை உனக்கு எழுதமாட்டேன், நீயே படி. இன்னொன்று. மூர் மார்க்கெட்டில் உன் அண்ணா கட்டாக வாங்கிவந்த பழைய இதழ்கள் நினைவிருக்கிறதா? அந்த மார்க்கெட் 1985ல் எரிவதற்கு முன்னால். அந்தக் கட்டு திருச்சி வீட்டில் இருந்தால், படி ஏறாமல் பையனை ஏறச் சொல்லிப் பார். எந்த மாதம், எந்த வருடம் என்று அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. முடிந்தால் பொங்கலுக்கு வரும்போது கையோடு எடுத்து வா. பேத்தி இப்போதே பைண்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
மணி